சபுர் செய் என்று சொன்னால் போதுமா?

"மனம் ஒரு நிலையில் இல்லை, எதற்கெடுத்தாலும் படபடப்பாக வருகிறது" என்று ஒருவர் முறையிட்டால், நம்மில் பலர் உடனே சொல்லும் பதில்: "ஈமான் குறைவு, சபுர் செய்யுங்கள்." இந்தப் பதில் நியாயமானதுதானா என்று சற்றே சிந்திப்போம்.

அமெரிக்க உளநூல் அறிஞர் ஷெல்டன் கோஹன் 1983-ல் தம் தோழர்களுடன் சேர்ந்து, மன அழுத்தத்தை அளக்க 14 கேள்விகளை வகுத்தார். கடந்த ஒரு மாதத்தில் காரியங்கள் கைமீறிப் போவதாக எத்தனை தடவை உணர்ந்தீர்கள் என்பதே அவற்றின் சாரம். ஆக, சுமையின் கனம் மட்டுமன்று, 'இது என் கைக்கு அடங்காது' என்ற உணர்வே மனிதனை வாட்டுகிறது.

அந்த உணர்வு உள்ளத்தில் மட்டுமா பிறக்கிறது? தண்ணீர் எப்போது வருமென்று தெரியாமல் குடத்துடன் காத்திருக்கும் பெண். மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் புகுமோ என்று உறங்காத தகப்பன். விளக்கில்லாத சந்து வழியே மகள் வந்து சேரும்வரை வாசலில் நிற்கும் தாய். இவர்களுடைய கவலை தெருவிலிருந்து வருகிறது.

1994-ல் அமெரிக்க அரசு 5 பெருநகரங்களில் ஒரு சோதனையைத் தொடங்கியது. வறுமை மிகுந்த குடியிருப்புகளைச் சேர்ந்த சுமார் 4,600 குடும்பங்களுள் ஒரு பகுதியினருக்கு, வறுமை குறைந்த இடங்களில் குடியேறக் குலுக்கல் முறையில் உதவி கிடைத்தது. பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவர்களுடைய வருமானம் உயர்ந்திருக்கவில்லை. ஆனால் பெரியவர்களின் மனநலம் மேம்பட்டிருந்தது!

அப்படியானால் வீட்டை மாற்றினால் போதுமா? சென்னையில் நீர்நிலை ஓரங்களிலும் குடிசைகளிலும் வாழ்ந்தவர்கள் 2000-ஆம் ஆண்டையொட்டிப் பழைய மாமல்லபுரம் சாலையருகே கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்டனர். கல்வீடு கிடைத்தது, வேலைத்தலமும் பழகிய அண்டை வீட்டாரும் தொலைவாகிவிட்டனர். முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்ற மனக்குறையும் சேர்ந்துகொண்டது. சுவரை மட்டும் கொடுத்தால் அக்கம்பக்கம் அமைந்துவிடாது.

புதுப்பட்டினத்தையே பாருங்கள். ஒருபுறம் திட்டமிட்டுக் கட்டிய கல்பாக்கம் நகரியம். மறுபுறம் கடலை நம்பி வாழும் குப்பங்கள். 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது பேதம் பார்க்கவில்லை. ஆனால் மாதச் சம்பளம் உள்ளவரும், படகையும் வலையையும் இழந்தவரும் ஒரேபோல் எழுந்து நிற்க முடியுமா? பின்தங்கியவரைப் பார்த்து "உமக்கு மனத்திடம் இல்லை" என்பது எவ்வளவு பெரிய அநீதி!

சபுர் உயர்ந்த குணம். தொழுகையும் திக்ரும் உள்ளத்துக்கு அமைதி தருபவை. இதில் ஐயமில்லை. ஆனால் சபுர், துன்பப்படுபவரின் இபாதத். பார்த்துக்கொண்டிருப்பவரின் சாக்கு அன்று. பசித்த பிள்ளைகளை உறங்கவைக்க வெறும் நீரை அடுப்பிலேற்றியிருந்த பெண்ணை ஓர் இரவில் கண்ட ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள், அவளுக்குப் பொறுமையைப் போதிக்கவில்லை. மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து வந்து, தாமே சமைத்துக் கொடுத்தார்கள் என்று வரலாறு கூறுகிறது.

நம் மஹல்லாவில் எந்தத் தெருவில் விளக்கில்லை, எந்த வீட்டில் ஆஸ்பத்திரிக்குத் துணைபோக ஆளில்லை என்பதை ஜமாஅத்தார் அறிந்திருக்கிறார்களா? ஊராட்சிக்கு ஒரு மனு எழுதுவதும், குழாயடியில் முதியவளுக்கு வழிவிடுவதும் பெரிய காரியங்களல்ல. அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும் அவருடைய உரிமை நம்மீது இருக்கிறது. 'எனக்கு ஆள் இருக்கிறது' என்ற தைரியம் வந்தாலே, கைமீறியதாகத் தோன்றிய சுமையில் பாதி இறங்கிவிடும்.

சபுரைப் பிறருக்குப் போதிக்குமுன், அவர்கள் சுமையில் ஒரு பங்கைச் சுமக்க வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.