பாட்டு யாருக்குச் சொந்தம்?

ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம்? அதைப் புனைந்தவனுக்கா, பாடியவனுக்கா, இசைத்தட்டாக்கி விற்றவனுக்கா? அன்றி, அதற்குக் கருவான துன்பங்களையெல்லாம் அனுபவித்த மக்களுக்கா? கலையை மனித உழைப்பின் ஒரு வடிவமாகக் காணும் நாம் இவ்வினாவைத் தட்டிக்கழித்துவிட முடியாது. அமெரிக்கக் கறுப்பின இசைக் கலைஞர் வில்லி டிக்சனின் வாழ்க்கை இவ்வினாவை மிகக் கூர்மையாக நம்முன் வைக்கின்றது.

மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பேர்க் நகரில் 1915இல் பிறந்த டிக்சன், 1936இல் சிக்காகோவை அடைந்தார். முதலில் குத்துச்சண்டை வீரராகவும், பின்னர் டபிள் பேஸ் என்னும் ஆளுயரத் தந்தி வாத்தியத்தை இசைப்பவராகவும் விளங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது, தம் இனத்தாரை ஒடுக்கும் அரசுக்காக ஆயுதம் ஏந்த மறுத்துச் சிறை சென்றார். போருக்குப்பின் ‘பிக் த்றீ ட்றியோ’ என்னும் குழுவை அமைத்து இசைத்தார். 1950களில் சிக்காகோவின் செஸ் இசைத்தட்டுக் கம்பனியில் பேஸ் வாசிப்பவராகவும், பாடலாசிரியராகவும், ஒலிப்பதிவுகளை நெறிப்படுத்துபவராகவும் உழைத்தார். மட்டி வாட்டர்ஸ், ஹவுலின் வூல்ஃப், லிட்டில் வோல்டர் ஆகியோரின் புகழ்பெற்ற பாடல்கள் பல அவர் ஆக்கியவை.

ஆனால் உழைப்பின் பயன் உழைத்தவனை வந்தடைந்ததா? பாடல்களின் பதிப்புரிமை ஆர்க் மியூசிக் என்னும் நிறுவனத்திடம் இருந்தது. செஸ் சகோதரர்களே அதன் பங்காளிகள். தமக்குரிய பங்கைப் பெற 1970களில் டிக்சன் வழக்காட வேண்டியதாயிற்று. 1962இல் மட்டி வாட்டர்ஸ் பாடிய அவரது பாடலொன்றின் வரிகள், 1969இல் இங்கிலாந்தின் லெட் செப்பலின் குழுவினர் வெளியிட்ட தட்டில் அவர்தம் சொந்த ஆக்கம்போல் இடம்பெற்றன. 1985இல் டிக்சன் தொடுத்த வழக்கு 1987இல் சமரசமாக முடிந்தது. இன்று அப்பாடலில் அவர் பெயரும் பொறிக்கப்படுகின்றது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழலாம். டிக்சனும் மக்களின் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்தவரல்லவா? லிட்டில் வோல்டர் 1955இல் பாடிப் புகழ்பெற்ற ‘மை பேப்’ பாடலின் மெட்டு, கறுப்பின மக்களின் பழைய பக்திப் பாடலொன்றைத் தழுவியதே. அத்தட்டிலும் டிக்சன் பெயரே உள்ளது. அப்பழம்பாடலைப் பாடிவந்த பெயரறியா மக்களுக்குக் கிடைத்தது யாது? அவ்வாறாயின் பிறர் எடுத்ததை அவர் குறைகூறலாமா?

இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் அது பாதி உண்மையே. ஒரே துன்பத்தில் உழலும் மக்கள் தமக்குள் பாடலைக் கைமாற்றிக் கொள்வது கொடுக்கல் வாங்கல். எடுத்தவன் இன்னொருவனுக்குக் கொடுக்கின்றான், பாடல் வளர்கின்றது. ஆனால் எல்லாமே விலைப்பொருளாகிவிட்ட சந்தையில், தன் பெயரைப் பதியாத கலைஞன் தன் பாடலை மக்களுக்குக் கொடையளிப்பதில்லை. பதிவு செய்யும் முதலாளிக்கே தாரை வார்க்கின்றான். ‘பாடல் பொதுச் சொத்து’ என்று உபதேசிப்போர் தம் வருமானத்தையும் பொதுவில் வைப்பார்களாயின், நாம் அவ்வுபதேசத்தைக் கேட்கலாம். அதுவரை கலைஞனின் உரிமைக் கோரிக்கை பேராசையன்று, தற்காப்பே.

எனினும் தற்காப்பு வேறு, முழுமையான நீதி வேறு. தனியுரிமைப் பத்திரம் ஒருவனைக் காக்கலாம். ஒரு மக்கட்கூட்டம் தலைமுறை தலைமுறையாகச் செய்த ஆக்கத்துக்கு அது ஈடாகாது. இதனை டிக்சனும் உணர்ந்திருந்தார் என்றே கொள்ளலாம். 1980களில் அவர் நிறுவிய ‘ப்ளூஸ் ஹெவன்’ அறநிலையம், மூத்த கலைஞர்கள் தம் உரிமைப் பணத்தைப் பெறவும், இளைஞர் இவ்விசையைக் கற்கவும் உதவுவதை நோக்காகக் கொண்டது. 1992இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு, செஸ் கம்பனி இயங்கிய தெற்கு மிச்சிகன் அவெனியூ 2120ஆம் இலக்கக் கட்டடத்தை அவர் மனைவி வாங்கினார். அது அவ்வறநிலையத்தின் இல்லமாயிற்று.

ஆகவே நமது வினாவுக்கு விடை இவ்வாறே அமையக்கூடும்: பாட்டு மக்களுடையது, ஆனால் அம்மக்களின் பெயரால் அதைப் பறிப்பவனிடமிருந்து முதலில் மீட்கப்பட வேண்டும். மீட்டவனின் கடமையும் அத்துடன் முடிந்துவிடுவதில்லை. தான் மீட்டதைத் தன்போன்றோருக்குப் பயன்படச் செய்கின்றானா என்பதைக்கொண்டே அவன் உரிமைக்குரலின் அறத்தை நாம் அளவிட வேண்டும்.