காகிதத்துக்குப் பங்கில்லையா?

தானா ராத்தாவை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணி யான். துப்பாக்கியைத் தொட்டறியேன். எனினும், ஈயக் குண்டுக்குக் காகிதம் சுற்றும் முறையைப் படித்த நாள்முதல் ஒரு வினா என் மனத்தை வருத்துகின்றது.

வார்த்த ஈயம் மென்மையானது. உட்புரி வெட்டிய குழலில் விரைந்து சென்றால் உராய்ந்து படியும். பின்னர்க் குறி தவறும். ஆதலின் மெல்லிய காகிதத்தை நனைத்துக் குண்டின்மீது இருசுற்றுச் சுற்றுவர். உலர்ந்ததும் அது இறுகிவிடும். சுடும்போது குழலைத் தொடுவது காகிதமே. குழல்வாய் கடந்ததும் அது கிழிந்து சிதறும். ஈயம் மட்டுமே இலக்கைச் சேரும். “கொன்றது யானல்லேன்” என்று காகிதம் வாதாடலாம் அன்றோ?

என்பீல்டு துப்பாக்கியின் குண்டும் கொழுப்புத் தடவிய காகிதம் சூழவே குழலுட் புகுவது. அது பசு, பன்றிக் கொழுப்பென்ற ஐயம் பரவவே, 1857 ஏப்ரல் 24இல் மீரத்தில் 85 குதிரைப்படை வீரர் தமக்களித்த தோட்டாக்களை ஏற்க மறுத்துச் சிறை புகுந்தனர். அவர்தம் துணிவு பெரிது. ஆயினும், காகிதத்தில் பூசியது யாதென வினவியோர், கம்பெனியின் குண்டு எவர் மார்பிற் பாய்கிறதென அதற்குமுன் வினவினரோ?

அவரைக் கேட்க எனக்கு என்ன தகுதி? முதிய தொழிலாளி ஒருவரை லயத்தைவிட்டு வெளியேற்றும் கடிதத்தை முன்பு யானே தட்டச்சிட்டேன். ஆணை துரையுடையது, எழுத்து மட்டுமே என்னுடையது என்று அமைதி கொண்டேன். கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை, குறி தவறவில்லை.

அன்பர்களே, காகிதம் அறியாப் பொருள், யான் அறிந்தவன். இனி அத்தகைய கடிதம் என் மேசைக்கு வருமாயின், “காரணம் யாது?” என்றேனும் கேட்பேன். வேலை போகலாம். கேளாதிருந்தால் போவது அதனினும் பெரிது.