கண்ணாடிச் சிறை

கடலுக்குப் பல காதம் தள்ளியிருக்கும் காஞ்சியிலே, நண்பரொருவர் வீட்டுக் கூடத்தில் உப்புநீர்த் தொட்டி இருக்கிறது. அதிலே கடல்குதிரை விடவேண்டும் என்பது அவர் ஆசை. சட்டம் தடுக்கிறதே என்றேன். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் இழுவலையில் சிக்கி, உலர்த்தப்பட்டு, மருந்தென்று கடல் கடந்து விலைபோகும் அந்த உயிரைப் பிடிப்பதும் விற்பதும் 2001 முதல் குற்றம்.

“சட்டம் கிடக்கட்டும், உமது பகுத்தறிவு என்ன சொல்கிறது? பட்டுக்காகப் புழுவைக் கூட்டோடு வேகவைக்கிறார்களே, அந்த நூலை நெய்த கூலியிலே படித்தவர்தானே நீர்?” என்று கேட்டார்.

நெசவாளர் குடியிலே பிறந்தவன் நான். சுருக்கென்று தைத்தது. ஒரு புடவைக்காக ஆயிரக்கணக்கான புழுக்கள் மடிகின்றன. பிழைப்பு என்று சொல்லித் தப்பலாம். மணமேடையிலே உடுத்துவோருக்கு அது பிழைப்பா? என்னிடம் விடை இல்லை. ஆனால் ஒரு கொடுமைக்குப் பழகிவிட்டோம் என்பது, மற்றொன்றைத் தொடங்குவதற்கு உரிமைச் சீட்டாகுமா?

கடல்குதிரைக்கு இரைப்பை கிடையாது, தோழர்களே! உண்டது விரைந்து கழிந்துவிடும். ஆகவே நாளெல்லாம் சிற்றுயிர்களைத் தின்றபடியே இருக்கவேண்டும். நீந்தும் வலுவும் குறைவு. கடற்புல்லை வாலால் பற்றி நிற்கும். கருவைச் சுமப்பதும் ஈனுவதும் ஆண்! பிள்ளைச்சுமை பெண்ணுக்கென்றே இயற்கை எழுதிவைத்தது என்போர் காணவேண்டிய உயிர். (அதைக் காட்டவாவது வகுப்பிலே ஒன்று இருக்கக்கூடாதா என்று எனக்கும் சபலம் தட்டியதுண்டு.)

நண்பர் காலையில் கடைக்குப் போனால் இரவுதான் திரும்புகிறார். இடையில் அதற்கு இரை யார் போடுவது என்று கேட்டேன். தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “உமது தங்கை திருமணத்துக்குப் பட்டு எடுத்தாயிற்றா?” என்றார்.