பாத்தூர் மலையில் ஓர் அதிகாலை

சில ஆண்டுகளுக்கு முன், இந்தோனேசியாவின் பாலித் தீவிலுள்ள பாத்தூர் எரிமலையில் ஏறும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. உயரம் 1,717 மீட்டர். ஏரிக்கரையிலிருந்து சுமார் 2 மணி நேர ஏற்றம். அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டால் சூரியோதயத்தை உச்சியில் தரிசிக்கலாம். இமயத்தில் யாத்திரை சென்றவனுக்கு இது ஒரு பொருட்டா என்ற எண்ணம் உள்ளத்தின் ஒரு மூலையில் இருந்தது. மலை அதை நெடுநேரம் விட்டுவைக்கவில்லை.

வழிகாட்டி, அடிவாரக் கிராமத்து இளைஞர். புறப்படுமுன் பாதையோரச் சன்னதியில், தென்னங்குருத்தால் பின்னிய சிறு தட்டு ஒன்றை வைத்தார். அதில் சில மலர்கள், ஓர் ஊதுவத்தி. 'சனாங்' என்பது அதன் பெயர். ஒரு கணம் கைகூப்பி நின்றவர் என் பக்கம் திரும்பி, "நான் கால் வைக்கும் இடத்திலேயே நீங்களும் வையுங்கள்" என்றார்.

பாதி வழிக்கு மேல் எல்லாம் எரிமலை உமிழ்ந்த கருஞ்சரளை. ஓரடி வைத்தால் அரையடி சறுக்குகிறது. ஓரிடத்தில் அவர் வளைந்து சென்றார்; நேராக ஏறினால் தூரம் குறையும் என்று என் புத்தி கணக்கிட்டது. ஏறினேன். அடுத்த கணம் சரளையோடு சரளையாகச் சரிந்து, முழங்கை சிராய்ந்து, பாறை ஒன்றைப் பற்றிக் கிடந்தேன். அவர் இறங்கி வந்து கைகொடுத்தார். கடிந்துகொள்ளவில்லை. "பெலான், பெலான்" என்றார். மெதுவாக, மெதுவாக என்று பொருள். தத்துவத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவன் டார்ச் விளக்கின் ஒளியில் கற்க வேண்டிய பாடங்களும் இருக்கின்றன!

உச்சியில் பொழுது விடிந்தது. கீழே பிறைபோல் ஏரி. எதிரே அபாங் சிகரம். அதன் பின்னே 3,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் அகுங். பாறை இடுக்குகளில் ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. தரையில் கை வைத்தால் சுடுகிறது. அந்த ஆவியில் முட்டைகளை வேகவைத்து எல்லோருக்கும் கொடுத்தார், எனக்கு வாழைப்பழம்.

"இங்கே வாழ அச்சமாக இல்லையா?" என்று கேட்டேன். அவர் தம் ஊர்க் கதையைச் சொன்னார். 1917-இல் மலை வெடித்தபோது, பெருகி வந்த எரிகுழம்பு கோயில் வாயில்வரை வந்து நின்றுவிட்டதாம். தேவியின் அருள் என்று மக்கள் அங்கேயே தங்கினர். 1926-இல் மீண்டும் வந்தது. இம்முறை நிற்கவில்லை, கிராமத்தையும் கோயிலையும் மூடிவிட்டது. முதல்முறை காத்த தேவி இரண்டாம் முறை ஏன் காக்கவில்லை? இந்தக் கேள்வியை நான் கேட்டே விட்டேன். அவர் சற்று வியப்புடன் என்னைப் பார்த்தார். பிறகு எரிவாயைச் சுற்றியுள்ள மலைவிளிம்பைக் காட்டி, "கோயிலை அங்கே கட்டிக்கொண்டோம்" என்றார். அவ்வளவே.

அன்பர்களே, என் கேள்வி அவருக்குக் கேள்வியாகவே தோன்றவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நமது பக்தியில் பெரும்பகுதி 1917-ஆம் ஆண்டின் பக்தி. எரிகுழம்பு வாயிலில் நின்றால் அர்ச்சனை செய்கிறோம்; உள்ளே வந்துவிட்டால் இறைவனிடம் கணக்குக் கேட்கிறோம்.

இங்கே ஒரு சமாதானம் சொல்வார்கள். இந்த ஏரியிலிருந்து வெளியே ஓடும் ஆறு கிடையாது. அதன் நீர் நிலத்தடியில் கசிந்து, கீழே ஊற்றுகளாக எழுந்து வயல்களுக்குப் பாய்கிறது. அந்நீரைப் பகிர்ந்துகொள்ளும் 'சுபாக்' என்ற உழவர் அமைப்புகள், ஏரியின் நாயகியான தேவி தானுவுக்கு இக்கோயிலில் காணிக்கை செலுத்துகின்றன. 2012-இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எரிமலைச் சாம்பலே மண்ணுக்கு வளம் தருகிறது. ஆகவே அழிவும் நன்மைக்கே என்பார்கள். இதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. 1963-இல் அகுங் வெடித்து 1,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களது வீட்டாரிடம் சென்று, 'சாம்பல் வயலுக்கு நல்லது' என்று எவரால் சொல்ல முடியும்? அந்த இளைஞரும் அப்படி எதுவும் சொல்லவில்லை.

'சிரத்தை' என்ற சொல்லைப் பல ஆண்டுகளாக 'நம்பிக்கை' என்றே மொழிபெயர்த்து வந்தேன். 'நடக்கும் என்று நம்புகிறேன்' என்கிறோம் அல்லவா? அச்சொல்லில் ஓர் எதிர்பார்ப்பு கலந்திருக்கிறது. அது பொய்த்தால் சொல்லும் சரிந்துவிடுகிறது. கோயில் புதைந்தபின் மேலே ஏறி மற்றொன்று கட்டியவர்களிடம் இருந்தது எது? அதற்கு ஈடான தமிழ்ச் சொல்லை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் சிரத்தை என்றே எழுதிவிடுகிறேன்.

இறங்கும்போது அவர் அடிச்சுவட்டைவிட்டு நான் விலகவில்லை. அடிவாரச் சன்னதியில், இரவு வைத்த சனாங்கைக் கோழி ஒன்று கிளறிப் போட்டிருந்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். நாளை அதிகாலை வேறொன்று வைப்பாராம்.