கருணைக்கு யார் வாடகை கட்டுவது?

அமெரிக்காவின் அயோவா சிட்டியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். செல்லப்பிராணிகள் கூடாது என்பது அங்கே வாடகை ஒப்பந்தத்திலேயே இருந்த நிபந்தனை. விலங்குகளின் ரோமத் துகளால் கடுமையான ஒவ்வாமை உள்ள ஒரு பெண், அந்த நிபந்தனையை நம்பித்தான் அங்கே வீடு எடுத்தார். அவருக்குப் பிறகு ஒப்பந்தம் போட்ட இன்னொருவர், தன் மனநலத்துக்கு ஒரு நாய் தேவை என்று மனநல மருத்துவரின் கடிதத்தோடு வந்தார். நிர்வாகம் இருவருக்கும் இடம்கொடுக்கப் பார்த்தது. ஆளுக்கொரு படிக்கட்டைப் பயன்படுத்தச் சொன்னது. அந்தப் பெண்ணுக்குக் காற்றைச் சுத்திகரிக்கும் கருவி வாங்கிக் கொடுத்தது. ஒவ்வாமை நிற்கவில்லை. ஒரு மாத வாடகையைக் கேட்டு அவர் வழக்குப் போட்டார்.

அந்தச் சின்ன வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2020இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. முதலில் ஒப்பந்தம் போட்டவர் அவர் என்பதைத்தான் நீதிமன்றம் முக்கியமாக எடுத்துக்கொண்டது. எல்லா வழக்குக்கும் இது பொருந்தும் அளவுகோல் அல்ல என்றும் சொல்லி வைத்தது.

இந்த வழக்கில் வில்லன் யாரும் இல்லை. இரண்டு பேரின் வேதனையும் நிஜம். நடுவில் இருந்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. ஆனாலும் அபராதம் அவர்கள் தலையில்தான் விழுந்தது. ஒருவருக்குக் கருணை காட்ட வேண்டும் என்று ஒரு சமூகம் முடிவெடுத்தால், அதற்கான செலவை யார் ஏற்க வேண்டும்?

அமெரிக்காவில் வீட்டு வாடகையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968இல் வந்தது. 1988 திருத்தத்தில் உடல், மனக் குறைபாடு உள்ளவர்களையும் அது சேர்த்துக்கொண்டது. அதன்படி, குறைபாடு உள்ளவருக்காக வீட்டுக்காரர் தன் விதிகளை நியாயமான அளவுக்குத் தளர்த்த வேண்டும். எமோஷனல் சப்போர்ட் அனிமல் எனப்படும் மன ஆதரவு விலங்கு இந்த ஏற்பாட்டுக்குள் வந்தது. பார்வையற்றோரின் வழிகாட்டி நாயைப் போல அதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. உடன் இருப்பதே அதன் வேலை. சட்டத்தின் கண்ணில் அது செல்லப்பிராணி இல்லை என்பதால், செல்லப்பிராணிக்கான கூடுதல் டெபாசிட்டும் மாதக் கட்டணமும் வாங்கக் கூடாது. சேதம் ஆனால் மட்டும் வசூலித்துக்கொள்ளலாம்.

தாளில் இது சரியாகத்தான் இருக்கிறது. ஆயிரம் வீடுகள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒரு கார்ப்பெட் போனால் அது கணக்கில் ஒரு வரி. தான் முன்பு குடியிருந்த ஒரே வீட்டை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் கடன் கட்டுகிறவருக்கு அப்படி இல்லை. வேலை மாறி வேறு ஊர் போன நம்மூர் ஐடி ஆட்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. நாயின் சிறுநீர் கார்ப்பெட்டோடு நிற்காது. அடியிலுள்ள மெத்தையைத் தாண்டிப் பலகைக்குள் இறங்கிவிடும். வசூலித்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்வதற்கு நடைமுறை அர்த்தம், டெபாசிட் போதாவிட்டால், காலி செய்து போனவர் மீது வழக்குப் போடலாம் என்பதுதான். “நாய் வேண்டாம்னு நான் சொல்லலை, தரையை யார் மாத்துறது?” என்று ஒருவர் கேட்டால் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட முடியாது.

சரி, அப்படியென்றால் சின்ன வீட்டுக்காரரை விட்டுவிடலாமே? சட்டம் அதையும் யோசித்திருக்கிறது. நான்கு குடும்பங்களுக்கு மிகாத கட்டடத்தில் வீட்டுக்காரரே ஒரு பகுதியில் குடியிருந்தால், 1968 சட்டத்தின் பெரும்பகுதி அவரைக் கட்டுப்படுத்தாது. இதற்கு ‘மிசஸ் மர்ஃபி விலக்கு’ என்று பெயர். மிசஸ் மர்ஃபி நிஜ மனுஷி அல்ல. 1960களின் சிவில் உரிமை விவாதங்களில் உருவான கற்பனைப் பாத்திரம். தன் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் எளிய பெண்மணி. அவர் வீட்டுக்குள் யார் வர வேண்டும் என்று அரசு சொல்லலாமா என்று கேட்டார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அன்று அந்தக் கேள்வி முதன்மையாகத் தொட்டது கறுப்பின மக்களை. அதே 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1866ஆம் ஆண்டின் பழைய சட்டமொன்றைக் கொண்டு, சொத்தை விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாடு கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. ‘நான் சின்ன ஆள்’ என்பது உண்மையாக இருக்கலாம். அதன் பின்னால் வெறுப்பும் ஒளிந்துகொள்ளலாம். விலக்கு கொடுத்தால் செலவு மறைந்துவிடாது. வீடு கிடைக்காத நோயாளியின் தலைக்கு அது இடம் மாறும், அவ்வளவுதான்.

இதற்கிடையில் கடித வியாபாரம். ஆன்லைனில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பணம் கட்டினால் கடிதம் வந்துவிடும். மென்பொருளில் லாகின் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே வருவது யார் என்று கணினிக்குத் தெரியாது, கடவுச்சொல் சரியா என்பது மட்டும்தான் தெரியும். கடிதமும் அப்படித்தான். வேதனையை நேரில் பார்க்க முடியாததால் காகிதத்தைப் பார்க்கிறோம். காகிதம் விலைக்குக் கிடைக்கும்போது அது எதையும் நிரூபிப்பதில்லை. கலிஃபோர்னியா 2022 முதல், நாய்க்காக இப்படிக் கடிதம் கொடுப்பவர் அந்த நபரைக் குறைந்தது 30 நாட்களாவது அறிந்திருக்க வேண்டும் என்று விதித்தது. 2021இல் அமெரிக்க விமானங்களில் இந்த விலங்குகளுக்கு இருந்த உரிமையே போனது. போலிக் கடிதம் வாங்கியவருக்கு இதனால் நஷ்டம் கொஞ்சம்தான். ராத்திரி நாயின் மூச்சுச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும் என்ற நிலையில் இருப்பவர்தான் இப்போது ஒவ்வொரு வாசலிலும் சந்தேகப் பார்வையைச் சந்திக்கிறார்.

என் பார்வையில், குடியிருப்பவரின் உரிமையும் சரி, வீட்டுக்காரரின் புலம்பலும் சரி. அந்த உரிமையைக் கொடுத்தது நாடு, பில்லை அனுப்பியது பக்கத்தில் நின்றவருக்கு. தவறு அங்கேதான். வேறு வழி இல்லாமல் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் 2018இல் ஒரு நிதி தொடங்கினார்கள். அரசின் வாடகை உதவி பெறுபவர்களுக்கு வீடு கொடுத்து, பிறகு சேதம் ஏற்பட்டால், குறிப்பிட்ட வரம்புக்குள் வீட்டுக்காரர் அதிலிருந்து ஈடு கேட்கலாம். மன ஆதரவு விலங்குகளுக்கும் அப்படி ஒரு பொது நிதி இருந்தால், வீட்டுக்காரர் கடிதத்தைத் துப்பறியும் அவசியம் பாதி குறையும். பயம் குறைந்த இடத்தில் சந்தேகமும் குறையும்.

பணத்தால் தரையை மாற்றலாம், ஒவ்வாமையை மாற்ற முடியாது. அயோவா மாதிரியான வழக்குகள் அதன் பிறகும் வரும், அங்கே யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் பணத்தால் தீரக்கூடிய பிரச்சினையை ஒரு தனிமனிதரின் நல்லமனசுக்கு விட்டுவிட்டு, அவர் முகம் சுளித்ததும் அறம் பேசுவது நமக்கு ரொம்பச் சுலபம். நம் கையிலிருந்து ஒரு காசும் போகாதவரை கருணை யாருக்கும் கஷ்டமில்லை.