கசிவும் நிரப்பலும்

காரின் குளிர்சாதனத்தில் இருக்கும் கேஸ் தீர்ந்துபோகிற சரக்கு அல்ல. முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. கார் வைத்திருப்பவர்களில் பலர் (இலக்கிய உலகிலும் இவர்கள் தொகை இப்போது குறைவில்லை) அதைப் பெட்ரோலைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெட்ரோல் எரிகிறது, ஆகவே தீர்கிறது. கேஸ் எரிவதில்லை. கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. முன்பக்கத்துக் கண்டென்ஸரில் சூட்டை இறக்கிவைத்துத் திரவமாகிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சுருளில் மறுபடி ஆவியாகி, உள்ளே உட்கார்ந்திருப்பவரின் சூட்டை வாங்கிக்கொண்டு கம்ப்ரஸருக்கே திரும்புகிறது. சுமார் அரைக் கிலோ கேஸ், அதே கேஸ், வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரப்பர் குழாய்களின் வழியே காலப்போக்கில் நழுவும் சொற்பம் போக, அளவு குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஓரிடத்தில் வெளியேறியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஆயினும் வெயில் ஏறத் தொடங்கியதும் பட்டறைக்குப் போகிறவர் சொல்வது, ‘கூலிங் கம்மியா இருக்கு, கேஸ் அடிச்சுடுங்க’ என்பதுதான். எங்கே போயிற்று என்று கேட்பதில்லை. கேஸ் அடிக்கப்படுகிறது. குளிர்கிறது. பணம் கைமாறுகிறது. அடுத்த வருஷம் இதே சடங்கு. யாரும் பொய் சொல்லவில்லை, கேட்டது கொடுக்கப்பட்டது, இரு தரப்பும் திருப்தியோடு பிரிகின்றன. இதில் தவறு என்று ஒன்று இருக்கிறதா, இருந்தால் அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

கேஸ் வெளியேறும் சாதாரண வழிகளில் ஒன்று, கேஸ் ஏற்றுவதற்கென்றே குழாயில் வைத்திருக்கும் சர்வீஸ் வால்வு. டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் இருப்பதும் இதுவும் பெரும்பாலும் ஒரே ஜாதி. நடுவில் ஒரு பின், அதைத் தள்ளி நிறுத்த ஒரு ஸ்பிரிங், அடைக்க ஒரு துளி ரப்பர். பின்னை அழுத்தினால் திறக்கும், விட்டால் மூடும். குழாய் முழுவதும் அடைத்தே செய்யப்பட்டிருந்தால் இந்த இடத்தில் கசிவு இராது, பராமரிக்கவும் முடியாது. பராமரிப்புக்கென்று விட்ட வாசல்தான் கசிகிறது. இதில் ஒரு தத்துவத்தைக் கண்டு புளகாங்கிதம் அடையும் ஆசையை அடக்கிக்கொள்கிறேன். ஸ்தூலமான விஷயம் அதைவிட சுவாரஸ்யமானது. ஒவ்வொரு முறை கேஸ் அடிக்கும்போதும் அந்தப் பின் அழுத்தப்படுகிறது. குழாய் முனையோடு வந்த தூசு ரப்பரில் ஒட்டலாம், ரப்பர் கீறலாம், பின் பழைய இடத்தில் சரியாக உட்காராமல் போகலாம். அதாவது, கசிவை ஈடுகட்டச் செய்யும் காரியமே கசிவை வளர்க்கவும் கூடும். வால்வின் மேல் திருகும் சிறு மூடியைப் பலர் தூசு மூடி என்றே எண்ணுகிறார்கள். அதன் உள்ளே ஒரு ஓ-ரிங் இருக்கிறது. பின் லேசாகக் கசிந்தாலும் கேஸைப் பிடித்து நிறுத்தும் இரண்டாவது காவல் அது. பட்டறையில் எங்கோ உருண்டுபோனால் தேடுவார் இல்லை.

சரிசெய்வது பெரிய வித்தையில்லை. சைக்கிள் கடைக்காரர் வால்வு முனையில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பார். இங்கே சோப்புத் தண்ணீர். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சிறிது வெளிவருவதால், வால்வைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசு படிந்து கறுத்திருக்கும். கண் உள்ளவருக்கு அதுவே சாட்சி. மிச்சக் கேஸை எந்திரத்தால் உறிஞ்சிச் சேமித்து, பின்னைக் கழற்றிப் புதியது போட்டு, அரை மணிக்குக் குறையாமல் வாக்யூம் இழுத்து, அது நிற்கிறதா என்று பொறுத்திருந்து பார்த்து, கார்க்காரன் குறித்திருக்கும் எடைக்குக் கேஸ் ஏற்றி, மூடியைப் போட வேண்டும். பின்னின் விலை ஒரு பொருட்டே அல்ல. விலை பிடிப்பது பொறுத்திருப்பதுதான். நடைமுறையில் நடப்பது வேறு: ஸ்க்ரூடிரைவரால் பின்னை அழுத்தினால் மிச்சக் கேஸ் ‘புஸ்’ஸென்று ஒரு நிமிஷத்தில் ஆகாயத்துக்குப் போய்விடுகிறது.

காண்ட் 1785-ல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாதவரிடமும் கூடுதல் விலை கேட்காதவர், ஆனால் நாணயம் வியாபாரத்துக்கு நல்லது என்பதால். காண்ட்டின் கவலை அவருடைய நோக்கத்தைப் பற்றியது. நம் பட்டறைக்காரர் முன் இந்த அளவுகோல் நழுவுகிறது. அவரிடம் கெட்ட நோக்கமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். செய்த வேலை சுத்தம். செய்யாத வேலைதான் பிரச்னை. அது கேட்கப்படவும் இல்லை. பிளேட்டோவின் ‘குடியரசு’ சொல்லும் கைஜஸின் மோதிரமும் இங்கே முழுசாகப் பொருந்தவில்லை. அணிந்தவனை மறைத்துவிடும் மோதிரம் அது. பிடிபட மாட்டோம் என்று தெரிந்தபின் எவன் நியாயமாக இருப்பான் என்பது அங்கே கேள்வி. இங்கே மனிதன் பட்டப்பகலில் எல்லோர் கண்முன்னும் நிற்கிறான். மறைந்துபோனது விளைவு. கைஜஸுக்காவது தான் செய்தது என்ன என்று தெரியும்.

விளைவு எப்படி மறைந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ஆரம்பகாலக் குளிர்பெட்டிகளில் அம்மோனியாவும் கந்தக டையாக்ஸைடும் ஓடின. இரண்டும் விஷம், இரண்டும் மூக்கைத் துளைப்பவை. கசிந்தால் வீடே எழுந்து வெளியே ஓடும். தாமஸ் மிட்ஜ்லி இதற்கு மாற்றாக ஃப்ரியானைக் கொண்டுவந்தார். 1930-ல் அமெரிக்க ரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் அதை மூச்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவத்தியை ஊதி அணைத்துக் காட்டினார். விஷமில்லை, எரியாது, எதனோடும் சேராது. அன்று கேட்கத் தெரிந்த கேள்விகளுக்கெல்லாம் அது நல்ல பதில்தான். எதனோடும் சேராத அந்த நற்குணமே அதை அழியாமல் ஓஸோன் வரை கொண்டுபோயிற்று என்பதை மொலினாவும் ரோலண்டும் 1974-ல் எழுதினார்கள். 1987-ல் மான்ட்ரியால் ஒப்பந்தம். 1990-களில் புதிய கார்கள் ஆர்-134ஏக்கு மாறின. அது ஓஸோனைத் தொடுவதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில், நூறு வருஷக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் சுமார் 1,400 மடங்கு. ஒரு காரின் அரைக் கிலோ வெளியேறுவது ஏறக்குறைய 300 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு ஈடு. உள்ளே குளிர, வெளியே இவ்வளவு.

மிட்ஜ்லியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இன்று சுலபம். எனக்கு அதில் உற்சாகம் இல்லை. என் அக்கறை வேறு. நாற்றமும் அபாயமும் போனபோது, கசிவின் வெட்கமும் கூடவே போய்விட்டது. சமையல் கேஸுக்கு இயற்கையில் சொல்லும்படியான வாசனை கிடையாது. நாம் அதில் வேண்டுமென்றே துர்நாற்றம் கலந்து வைத்திருக்கிறோம், கசிந்தால் எழுப்பிவிட. கார் கேஸில் யாரும் கலக்கவில்லை. அது நம்மைக் கொல்வதில்லை. நம் வீட்டைத் தாக்கும் கசிவுக்கு மட்டும் மூக்கு வைத்திருக்கிறோம். ‘ஒரு காரின் கசிவு வானத்துக்கு என்ன கணக்கு’ என்கிறவர், கணக்கில் சரி. ஆனால் அடுப்படியில் லேசாக வாசனை வந்தால் அவர் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கமாட்டார்.

ஐரோப்பியச் சட்டம் ஒன்று 2006-ல் இதைத் தொட்டிருக்கிறது. கேஸ் அளவுக்கு மீறிக் கசிந்திருந்தால், பழுது நீக்கும்வரை இத்தகைய கேஸை மறுபடி ஏற்றக்கூடாது என்று அது பட்டறைகளுக்குச் சொல்கிறது. நிரப்பலைத் தனியே ஒரு குற்றமாகப் பார்த்த பார்வை என்ற வகையில் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் அதுவும் பட்டறைக்காரரிடம்தான் பேசுகிறது. அவர் நிலைமை என்ன? கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் எந்திரம் சிறு பட்டறைக்கு எட்டாத விலை. சோப்புத் தண்ணீர் போட்டுப் பொறுமையாகப் பார்க்கும் அரை நாளுக்குக் கூலி தர வாடிக்கையாளர் தயாரில்லை. அவர் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய ‘கேஸ் அடி’ என்ற இரண்டு வார்த்தைதான் அன்றைய வேலையின் எல்லையை வகுத்தது. எங்கே போயிற்று என்று அவர் கேட்டிருந்தால் அது வேறு வேலை, வேறு கூலி, அநேகமாக வேறு மனிதனும்கூட. தவறு கையில் இல்லை, கேள்வியில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். நம் பத்திரிகைகளுக்கு வரும் கவிதைகளில் வரி தொய்ந்த இடத்தில் இன்னொரு படிமத்தை ஏற்றித் திருப்பி அனுப்புகிறார்களே, அவர்களிடமும் எங்கே தொய்ந்தது என்று நாம் கேட்டதில்லை.

கசிவைப் பிடிக்க ஒரு சாயம் கிடைக்கிறது. கேஸோடு ஏற்றிச் சில நாள் ஓட்டிவிட்டு, புற ஊதா விளக்கை அடித்தால் கசிந்த இடம் பச்சையாக ஒளிரும். வால்வாக இருந்தால் முதலில் மூடியைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும், ஒளிர்வது மூடிக்கு உள்ளேதான். விளக்கை யாராவது கையில் எடுக்க வேண்டும்.