வென்ற வருஷத்தின் கணக்கு

2004-இல் ஃபெராரி அணி 18 பந்தயங்களில் 15-ஐ வென்றது. அதில் மைக்கேல் ஷூமாக்கர் மட்டும் 13. அடுத்த வருஷம் 19 பந்தயங்களில் ஒன்றே ஒன்று.

அந்த ஒன்று வந்த விதம் எஃப்1 பார்ப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸ். அந்தக் களத்தின் கடைசி வளைவை மிஷெலின் டயர்கள் தாங்காது என்று பயிற்சியிலேயே தெரிந்துவிட்டது. பந்தயத்தன்று அந்த டயர் போட்டிருந்த 14 கார்களும் ஃபார்மேஷன் சுற்றை முடித்துவிட்டு நேராக பிட்டுக்குள் போய்விட்டன. மிச்சம் ஆறே கார்கள்: ஃபெராரி இரண்டு, ஜோர்டன் இரண்டு, மினார்டி இரண்டு. ஷூமாக்கர் முதலிடம். காசு கொடுத்து வந்த கூட்டம் கத்தித் தீர்த்தது.

அதே பந்தயத்தில் நான்காவதாக வந்தவர், ஜோர்டன் அணிக்காக ஓட்டிய நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 5 புள்ளிகள். எஃப்1-இல் புள்ளி எடுத்த முதல் இந்தியர் என்று இன்றைக்கும் சொல்கிறோம், பெருமையாகத்தான் சொல்கிறோம்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு முள் குத்துகிறது. ஒரே களம், ஒரே மதியம், வராத அதே 14 கார்கள். நரேனுக்கு அது சாதனை, ஷூமாக்கருக்கு அது ஒரு அசிங்கமான வெற்றி. சீசன் முழுசுக்கும் இதே கதைதான். ஜோர்டன் மொத்தம் 12 புள்ளிகள் எடுத்தது, அதற்காக யாரும் துக்கம் கொண்டாடவில்லை. ஃபெராரி 100 புள்ளிகளோடு மூன்றாவதாக வந்தது, அது பேரழிவு என்றார்கள். அப்படியானால் நாம் தீர்ப்பு சொல்வது ஓட்டியதைப் பற்றியா, இல்லை, நாம் எதிர்பார்த்ததைப் பற்றியா?

எதிர்பார்ப்பை வைத்து அளப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. காசும் ஆளும் வசதியும் அதிகம் உள்ளவரிடம் அதிகம் கேட்பது நியாயம்தான். ஆனால் ஃபெராரியிடம் எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது? 1999 முதல் 2004 வரை வரிசையாக வாங்கிய ஆறு கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டங்களிலிருந்து. அந்தப் பட்டங்கள் எதனால் வந்தன என்று யாராவது சரியாகக் கணக்குப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

2005-இல் என்ன நடந்தது? விதி மாறியது. அதுவரை பந்தயத்தின் நடுவே டயர் மாற்றலாம். அந்த வருஷம் மட்டும் தகுதிச் சுற்றுக்கும் முழுப் பந்தயத்துக்கும் ஒரே செட் டயர்தான். பஞ்சரானால், சேதமானால் மாற்றலாம், மற்றபடி முடியாது. குறைந்த தூரத்தில் வேகமாக ஓடும் டயரின் காலம் போய், 300 கிலோமீட்டரும் தேயாமல் தாங்கும் டயரின் காலம் வந்தது. மிஷெலின் அதைச் செய்துவிட்டது, பிரிட்ஜ்ஸ்டோன் திணறியது. ஃபெராரி பிரிட்ஜ்ஸ்டோன் பக்கம். அதே பக்கம் இருந்த மற்ற இரண்டு அணிகள் ஜோர்டனும் மினார்டியும், கடைசி இரண்டு இடங்களில் முடித்தவை. எதிர்ப்பக்கம் ரெனோ, மெக்லாரன் உட்பட ஏழு அணிகள். ஏழு அணிகளின் பரிசோதனை ஓட்டங்களில் மிஷெலின் கற்றதை, பிரிட்ஜ்ஸ்டோன் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய அணியிடமிருந்து கற்க வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாடு 2004-லும் கிட்டத்தட்ட இதேதான். ஒரு டயர் கம்பெனி கிட்டத்தட்ட ஒரு அணிக்காகவே டயர் செய்வது அப்போது ராஜதந்திரம் என்று பாராட்டப்பட்டது. விதி மாறியதும் அதே ஏற்பாடு மடமை ஆகிவிட்டது. முடிவு எடுத்தவர்கள் மாறவில்லை, முடிவும் மாறவில்லை, விளைவு மட்டும் மாறியது.

“டயர்தான் காரணம், ஃபெராரியைத் திட்டாதீர்கள்” என்று அன்றைக்கு நிறைய ரசிகர்கள் வாதாடினார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியையும் அவர்கள் சொல்லியிருக்க வேண்டும்: தோல்விக்கு டயர் காரணம் என்றால், முந்தைய வருஷத்து 15 வெற்றிகளிலும் டயருக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கைக் கழித்துவிட்டுத்தான் மேதைமையைப் பேச வேண்டும். எங்கள் பக்கம் ஏரிப் பாசனம். ஏரி நிறைந்த வருஷம் நெல் நன்றாக விளைந்தால் “நம்ம பாடு வீண் போகலப்பா” என்பார்கள். ஏரி வறண்டால் “மழை ஏமாத்திடுச்சு” என்பார்கள். இரண்டு பேச்சும் தனித்தனியாகப் பொய்யில்லை. ஆனால் ஒரே வாய் இரண்டையும் சொல்லும்போது கணக்கு உதைக்கிறது.

கணக்கு என்றதும் ஊர்ப் பெருமை கொஞ்சம் வந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் உத்திரமேரூர்க்காரன். எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகளை (919, 921) குடவோலை முறைக்காக எல்லோரும் பாடத்தில் படித்திருப்போம். அதை ஜனநாயகம் என்று அப்படியே கொண்டாட முடியாது. அது பிராமணர்களின் சபை, நிலம் உள்ள ஆண்களுக்கான முறை. அதை மறைத்துப் பேசினால் அதுவும் ஒரு பொய்க்கணக்கு. ஆனால் அதில் இரண்டு விதிகள் நம் கேள்விக்கு நேராக வருகின்றன.

ஒன்று, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி அதில் இடம்பெற முடியாது. அவருடைய உறவினர்களும் முடியாது. (உறவினர்களையும் சேர்த்தது அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.) இரண்டு, முந்தைய மூன்று வருஷங்களுக்குள் வாரியத்தில் இருந்தவரும் கூடாது, எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும். தகுதியில்லாதவர்களின் பட்டியலில் கணக்குக் காட்டாதவர் இருக்கிறார். “அவர் ஏரி வாரியத்தில் இருந்த வருஷம் ஏரி நிறையவில்லை” என்று ஒரு வரி இல்லை. மழை பொய்த்ததற்காக யாரையும் தள்ளி வைக்கவில்லை. ஏரி நிரம்பியவரும் கணக்குக் காட்டித்தான் ஆக வேண்டும்.

நான் வேலை செய்த இடங்களில் இதற்கு நேர்மாறாகத்தான் பார்த்திருக்கிறேன். சர்வர் விழுந்தால் போஸ்ட்மார்ட்டம், மூன்று மணிநேர மீட்டிங், ஐந்து முறை “ஏன்?” என்ற கேள்வி. ரிலீஸ் பிரச்சினையில்லாமல் போனால் கேக். அது ஏன் நன்றாகப் போனது என்று கேட்க ஒரு ஆள் இல்லை. அன்றைக்கு டிராஃபிக் குறைவாக இருந்ததா, பக்கத்து டீம் ராத்திரி உட்கார்ந்து எதையாவது சரி செய்ததா, ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று வருஷம் தொடர்ந்து மேல் ரேட்டிங். நான்காவது வருஷம் அவரை வேறு புராஜெக்டில் போட்டார்கள், ரேட்டிங் விழுந்தது. “உங்களுக்கு என்னாச்சு?” என்று கேட்டார் மேனேஜர். வேலையில் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அந்த “உங்களுக்கு” என்ற சொல்லோடு அவர் ஒரு வருஷம் தூக்கம் கெட்டுத் திரிந்தார்.

சரி, எல்லாவற்றுக்கும் சூழ்நிலையையே காரணம் காட்டிவிட்டால் யாரையும் குற்றம் சொல்ல முடியாதே? சொல்லலாம். அதற்கு மெர்சிடஸ் நல்ல உதாரணம். 2014 முதல் 2021 வரை வரிசையாக எட்டு கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டங்கள். 2022-இல் காரின் அடிப்பாகத்தைப் பற்றிய விதிகள் அடியோடு மாறின. அவர்களுடைய கார் நேர்ச்சாலையில் தவளை மாதிரி குதித்தது. ஒரே ஒரு வெற்றி, மூன்றாம் இடம். 2023-இல் ஒரு வெற்றிகூட இல்லை, ஆனால் இரண்டாம் இடம். பட்டியலை மட்டும் பார்த்தால் 2023 முன்னேற்றம். எனக்கு அதுதான் மோசமான வருஷம். 2022-இல் அவர்கள் ஒரு யோசனையை நம்பி ஏமாந்தார்கள், புது விதியில் யாருக்கும் நடக்கக்கூடியது. 2023-இல் அதே யோசனையின் மேலேயே மறுபடி காரைக் கட்டினார்கள். முதல் பந்தய வாரத்திலேயே அணித் தலைவர் டோட்டோ வோல்ஃப் இந்த வழி சரிவராது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதாயிற்று. முதல் தவறு விபத்து. அதற்குப் பிறகு கையில் ஒரு வருஷத்து விவரம் இருந்தது. அந்த விவரத்தை வைத்து என்ன செய்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஃபெராரியையும் அப்படித்தான் கேட்க வேண்டும். 2006-இல் டயர் மாற்றும் விதி திரும்பி வந்தது. அவர்கள் ஒன்பது பந்தயங்களை வென்று, வெறும் 5 புள்ளிகளில் ரெனோவிடம் பட்டத்தை இழந்தார்கள். “பார்த்தீர்களா, மீண்டுவிட்டார்கள்” என்று இதைக் கொண்டாடுவதிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. விதி திரும்பியதில் அவர்களுடைய உழைப்பு எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு? பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் பிரிக்க முயலாமல் தீர்ப்பு மட்டும் சொல்வது எளிது, அதைத்தான் நாம் தினமும் செய்கிறோம்.

இது கார் பந்தயத்தோடு போகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பத்தாவதில் பள்ளியின் முதல் மார்க் எடுத்து பன்னிரண்டாவதில் சறுக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். பத்தாவதில் மாலை போட்டபோது யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. நல்ல டீச்சர் கிடைத்ததா, வீட்டில் அந்த வருஷம் அமைதி இருந்ததா, எதுவும் கேட்காமல் “பிறவிப் புத்திசாலி” என்றோம். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பிள்ளை விளக்கம் சொல்ல வாயெடுத்தால் அதற்குச் சாக்கு என்று பெயர் வைக்கிறோம். முதல் நாளே அந்தக் கணக்கைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்திருந்தால், சறுக்கிய நாளில் பேச அதற்கு ஒரு பாஷையாவது இருந்திருக்கும்.

நரேனின் 5 புள்ளிகளில் எனக்கு இன்னும் பெருமைதான். எங்கள் மாவட்டத்தில் இருந்த இருங்காட்டுக்கோட்டைக் களத்தில் ஓட்டத் தொடங்கிய ஒருவர், ஓடுமா என்றே சந்தேகமான ஒரு காரைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தார். 14 கார்கள் ஓடவில்லை என்பதையும் சேர்த்தே அந்தப் பெருமையைச் சொல்லலாம், அது ஒன்றும் குறைந்துவிடாது. அதே தாராளத்தோடு ஃபெராரியின் 2005-ஐயும் பேசலாம். ஆனால் அதற்கு முன் அவர்களுடைய 2004-இன் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.